யார் கொலைகாரன் என்று யாரும் கேட்காத கதை

‘நல்லாத்தான் இருக்கு மச்சி, ஆனா ஒண்ணுமே நடக்கலையே.’

ஹ்யோகா அனிமேயை நான் யாருக்கெல்லாம் பரிந்துரைத்தேனோ, அவர்களில் பாதிப் பேராவது இப்படித்தான் சொன்னார்கள். சிலர் மூன்றாவது எபிசோடிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை பார்த்தவர்கள் வேறு மாதிரி. அவர்களுக்கு ஒரே கேள்விதான்: ‘செகண்ட் சீசன் எப்ப?’ ஒண்ணுமே நடக்கலை என்பவர்களுக்கும் இன்னும் வேணும் என்பவர்களுக்கும் நடுவே இந்தத் தொடர் என்ன செய்தது என்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டிய தொடர் இது. (ஸ்பாய்லர் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை.)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2012 ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பரில் முடிந்த 22 எபிசோடுகள். தயாரிப்பு கியோட்டோ அனிமேஷன், இயக்கம் யாசுஹிரோ தகேமோதோ. மூலக்கதை ஹொனோபு யொனெசாவா 2001இல் தொடங்கிய நாவல் வரிசை. கமியாமா என்ற கற்பனை ஊர். அச்சு அசலாக கிஃபு மாகாணத்துத் தகயாமா நகரம்தான். ஓரேகி ஹௌதாரோ என்ற பையனுக்கு ஒரே கொள்கை: செய்யத் தேவையில்லாததைச் செய்யக் கூடாது, செய்தே ஆகணும்னா சட்டுனு முடிச்சிடணும். ஊர் சுற்றும் அவனுடைய அக்கா நம்ம பெனாரஸிலிருந்து ஒரு கடிதம் போடுகிறாள். ஆள் இல்லாமல் மூடப்போகும் செவ்விலக்கிய மன்றத்தில் சேர்ந்து அதைக் காப்பாற்று என்கிறாள். போனால் அங்கே சிதாண்டா எரு என்ற பெண் நிற்கிறாள். எதைப் பார்த்தாலும் அவளுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

அவள் அடிக்கடி சொல்லும் வசனத்தை ஆங்கில சப்டைட்டில் ‘ஐ ஆம் க்யூரியஸ்’ என்று போட்டு முடித்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் அந்த சப்டைட்டிலில்தான் பார்த்தோம். ஜப்பானிய மூலத்தில் ‘கி நி நரிமாஸ்’. ஆர்வம் என்பதைவிட ‘மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு’ என்பதுதான் அதற்குக் கிட்ட வரும். க்யூரியஸ் என்றால் பொழுதுபோக்கு. உறுத்துகிறது என்றால் தூங்கவிடாது. தொடரை இலகுவாகப் பார்ப்பதற்கும் கனமாகப் பார்ப்பதற்கும் இந்த ஒரு மொழிபெயர்ப்பே பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புதிர்களும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஒரு கதவு ஏன் வெளியே பூட்டியிருந்தது? யாருமே படிக்காத ஒரு தடிப் புத்தகத்தை ஏன் வாராவாரம் ஒவ்வொருத்தர் நூலகத்திலிருந்து எடுத்துப்போய் அன்றே திருப்பித் தருகிறார்கள்? கணக்கு வாத்தியார் ஏன் நடத்தாத பாடத்தை நடத்தியதாக நினைத்துக் கத்தினார்? பிணம் கிடையாது. ரத்தம் கிடையாது. சங்கர்லால் தொடங்கி கணேஷ்-வசந்த் வழியாக பாக்கெட் நாவல்வரை, முதல் அத்தியாயத்தில் ஒரு சடலமாவது விழவேண்டும் என்று பழகிய குடும்பம் நம்முடையது. ‘ராட்சசன்’ பார்த்துவிட்டு வெளியே வந்தவரிடம் நூலகப் புத்தகக் கதையைச் சொன்னால் முறைக்கத்தான் செய்வார்.

அதுமட்டும் காரணமில்லை. புதிர் என்ற சொல்லே என் தலைமுறைக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. பாட்டி போட்ட விடுகதையாக நாலைந்து, பிறகு முழுக்க முழுக்க ஆப்டிட்யூட் டெஸ்ட். ஆர்.எஸ்.அகர்வால் புத்தகத்தின் தடிமனை இஞ்சினியரிங் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். A-யும் B-யும் சேர்ந்து ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பார்கள், ரயில் பாலத்தைக் கடக்கும், ஐந்து பேர் வட்ட மேசையில் உட்காருவார்கள். நாலு ஆப்ஷன், ஒரு சரியான விடை, ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். தருமபுரி மாதிரி ஒரு மாவட்டத்தில் அந்த விடைகளுக்கு நேரடி மதிப்பு உண்டு. எத்தனை சரியோ அவ்வளவு சீக்கிரம் ஓசூர் தாண்டி பெங்களூர் பஸ் ஏறலாம். வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. கம்பெனி மாற வேண்டுமென்றால் லீட்கோட் போடணும். புதிரை விடுவிப்பது என்றால் ஊரை விட்டு, வேலையை விட்டு, வகுப்பை விட்டு வெளியேறும் டிக்கெட் எடுப்பது. இப்படிப் பழகிய மூளை, விடை கிடைத்தவுடன் அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஹ்யோகா அங்கேதான் நிற்கச் சொல்கிறது. விடை கிடைத்தாச்சு, சரி, அது யாருடைய வாழ்க்கை?

8 முதல் 11 வரையான எபிசோடுகளை எடுத்துக்கொள்வோம். சீனியர் வகுப்பு ஒன்று பள்ளி விழாவுக்காக ஒரு மர்மப் படம் எடுக்கிறது. பாழடைந்த கட்டடம், பூட்டிய அறை, ஒரு மாணவன் செத்துக் கிடக்கிறான். திரைக்கதை எழுதிய ஹோங்கோ என்ற பெண் உடம்புக்கு முடியாமல் பாதியில் நின்றுவிட்டாள். கொலைகாரன் யார் என்று யாருக்கும் தெரியாது. இரிசு என்ற சீனியர் ஓரேகியைக் கூப்பிட்டு, ‘நீ சாதாரண ஆள் இல்லை, உனக்குத் திறமை இருக்கிறது’ என்கிறாள். எதற்கும் அசையாத பையன் அசைகிறான். யோசித்து ஒரு பிரமாதமான முடிவைக் கண்டுபிடிக்கிறான்: கேமராவைப் பிடித்திருந்தவனே கொலைகாரன். படம் ஓடுகிறது, கைதட்டல் விழுகிறது.

பிறகுதான் விஷயமே. அவனுடைய மூன்று நண்பர்களும் தனித்தனியாக வருகிறார்கள். மயாகா கேட்கிறாள்: ஹோங்கோ கயிறு ஒன்றைத் தயார் செய்யச் சொல்லியிருந்தாளே, உன் முடிவில் கயிறே இல்லையே? சதோஷி சொல்கிறான்: அவள் இந்தக் கதைக்காகப் படித்தது ஷெர்லாக் ஹோம்ஸ் மட்டும்தான், உன் தந்திரம் ஹோம்ஸ் காலத்துக்குரியது இல்லையே? சிதாண்டாவுக்கு இந்த வாதமெல்லாம் வேண்டாம். முதலிலிருந்தே அவளை உறுத்தியது ஒன்றுதான்: ஹோங்கோவிடமே ஏன் யாரும் கேட்கவில்லை? அவளுடைய நெருங்கிய தோழி எபாவிடமாவது ஏன் கேட்கவில்லை? அகதா கிறிஸ்டியின் 1934ஆம் வருட நாவல் தலைப்பைத் திருப்பிப்போட்டுத்தான் இந்தப் பகுதிக்கு ஆங்கிலத் துணைத்தலைப்பு வைத்திருக்கிறார்கள். ஜோக் மாதிரி தெரியும். மொத்தப் பகுதியின் குற்றச்சாட்டும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் வேலையில் இது தினமும் நடக்கும். கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்று கஸ்டமரைத் தவிர எல்லோரும் கூட்டம் போட்டுப் பேசுவோம். எழுதிய கோடு எல்லா டெஸ்ட்டிலும் பாஸாகும். கிரீன் வந்தாச்சு, டெப்ளாய் பண்ணியாச்சு. அவர் கேட்டது வேறு. ஓரேகியின் முடிவும் படத்தில் இருந்த எல்லாக் காட்சிகளுக்கும் பொருந்தியது. ஹோங்கோவுக்கு மட்டும் பொருந்தவில்லை. அவள் தன் கதையில் யாருமே சாகக்கூடாது என்று நினைத்திருந்தாள். வகுப்புப் பசங்கதான் உற்சாகத்தில் ஒருத்தனை வெட்டிச் சாய்த்துக் காட்சி எடுத்துவிட்டார்கள்.

பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு இங்கே கோபம் இரிசுமீது வருகிறது. வில்லி, சூழ்ச்சிக்காரி, பாவம் நம்ம ஓரேகியை ஏமாத்திட்டா. எனக்கு இந்தக் கோபம் கொஞ்சம் சௌகரியமானதாகப் படுகிறது. ஹோங்கோவின் திரைக்கதை தேறாது என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லாமலிருக்க இரிசு செய்த ஏற்பாடு இது. நோயாளியாக்கி ஒதுக்கியது ஒருவகைக் கருணை. நாமும் சேர்ந்துதான் ஹோங்கோவை மறந்தோம். நாலு எபிசோடும் கயிறு எங்கே, சாவி எங்கே என்று தேடினோமே தவிர, அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட நாம் கேட்டுக்கொள்ளவில்லை. கெட்டிக்காரப் பையன் ஏமாந்தான் என்பதில் நமக்கு வரும் வலி, அமைதியான பெண்ணின் கதை அவளிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதில் வரவில்லை என்றால் அது இரிசுவின் தவறு இல்லை.

இந்த இடத்தில் எனக்கு தேவனின் துப்பறியும் சாம்பு ஞாபகம் வந்தார். 1940களில் ஆனந்த விகடனில் வந்த, தமிழின் ஆகச் சிரிப்பான துப்பறிவாளர். வங்கி குமாஸ்தா. ஒன்றும் தெரியாது. எதையோ செய்யப் போய் எதிலோ தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட ஊரே அவரை மேதை என்று கொண்டாடும். சாம்புவுக்கு நடந்தது முழுக்க அதிர்ஷ்டம்; ஆனால் உலகம் அதைத் திறமை என்கிறது. ஓரேகிக்குத் திறமை இருக்கிறது; ஆனால் அவன் ஒவ்வொரு முறையும் ‘ஏதோ லக்கு’ என்றே சொல்லித் தப்பிக்கிறான். அது அடக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, அது ஒரு கவசம். திறமை என்று ஒப்புக்கொண்டால் பொறுப்பு வந்துவிடும், அடுத்த முறையும் எதிர்பார்ப்பார்கள். கவசத்தைக் கழற்றிய ஒரே தடவை இரிசுவிடம், அடி விழுந்ததும் அங்கேதான். சாம்புவைப் படித்து வளர்ந்த ஒருவருக்கு இந்தப் பகுதி எவ்வளவு கசப்பான நகைச்சுவை என்று உடனே புரியும்.

வேதாளமும்தான். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த படம் நினைவிருக்கும், தோளில் பிணம், கையில் வாள். விக்கிரமாதித்தன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டு நடப்பது. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்பது ஒரு பயமுறுத்தல். எனக்கென்னவோ அந்த மிரட்டல் இல்லாவிட்டாலும் அவன் பேசியிருப்பான் என்றே தோன்றும். கேள்வி உறுத்தும் ஆள். பேசுவான், வேதாளம் மறுபடி மரம் ஏறும். எனர்ஜி சேமிப்பு எல்லாம் காலி.

பெயருக்குக் காரணமான முதல் பெரிய மர்மத்துக்கு வருகிறேன். சிதாண்டாவின் மாமா செகிதானி ஜுன், 45 வருடத்துக்கு முன் இதே பள்ளியில் படித்தவர், இதே மன்றத்தில் இருந்தவர். அனிமே கணக்கில் 1967, மாணவர் போராட்டங்கள் கொதித்த காலம். பள்ளி விழாவின் நாட்களைக் குறைக்க நிர்வாகம் முடிவெடுக்க, மாணவர்கள் எதிர்த்தார்கள், வென்றார்கள். செகிதானி தலைமை தாங்கினார், பள்ளியை விட்டு நீக்கப்பட்டார். மற்றவர்களுக்காகத் தன்னைக் கொடுத்த அன்பான வீரன் என்று மன்ற மலரில் பதிவாகியிருக்கிறது. விழாவுக்கே அவர் பெயரில் ஒரு செல்லப்பெயர். நாலு பேரும் பழைய காகிதங்களை வைத்துக் கதையைக் கோத்துவிடுகிறார்கள். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சிறுமியாக இருந்தபோது மாமா சொன்னதைக் கேட்டுத் தான் ஏன் அழுதோம் என்பது மட்டும் சிதாண்டாவுக்குப் பொருந்தவில்லை.

மலரின் தலைப்பில்தான் விடை. ஹ்யோகா என்றால் குளிரூட்டிய இனிப்பு. அதாவது ஐஸ்க்ரீம். அதை ஆங்கிலமாகவே வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஐ ஸ்க்ரீம். நான் அலறுகிறேன். அவர் விரும்பித் தலைவராகவில்லை, பெயருக்கு முன்னால் நிறுத்தப்பட்டார், பழி அவர்மேல் விழுந்தது, யாரும் காப்பாற்றவில்லை. கடைசியில் அவரால் செய்ய முடிந்தது ஒரு மொக்கை சிலேடை. நிறையப் பேர் இதைக் ‘க்ரிஞ்ச்’ என்றார்கள். இவ்வளவு பில்டப்புக்கு ஐஸ்க்ரீம் ஜோக்கா? ஆமாம், ஜோக்தான். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் எல்லோரும் தன்னை வீரன் என்று கொண்டாடும்போது, வீரன் இல்லைடா என்று நேராகச் சொல்ல முடியாமல், வருஷா வருஷம் அச்சாகப்போகும் மலரின் அட்டையில் ஒளித்துவைத்த ஜோக். அது மொக்கையாக இருப்பதுதான் என்னைக் கலங்கடித்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கல் வடிவம் உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்கள் வரிசையாக நிற்கும். வில்லும் வாளும் ஏந்திய ஆள், காலடியில் மாடு. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாரின் சேவகன், தொறு மீட்டபோது பட்டான் என்று செய்தி. தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் செத்தான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்குக்கூடக் கல்லில் இடம் உண்டு. மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. இந்தக் கற்களைப் பெருமையாகப் பேசுவோம், பேச வேண்டியதுதான். ஆனால் ஹ்யோகா பார்த்த பிறகு எனக்கு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. அந்தச் சேவகனுக்கு அன்றைக்குப் போக விருப்பம் இருந்ததா? மாடு அவனுடையதா, எஜமானுடையதா? கல் நட்டவர்கள் கேட்டிருப்பார்களா? செத்தவனுக்கு ஒரு சிலேடை எழுதிவைக்கக்கூட வாய்ப்பில்லை.

‘ஃபில்லர்’ என்று தள்ளப்படும் 18ஆவது எபிசோடுதான் என் கணிப்பில் தொடரின் உச்சம். நடுநிலைப் பள்ளியில் ஓகி என்ற ஆங்கில வாத்தியார் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலருகே போய் ஹெலிகாப்டரைப் பார்த்தார், எனக்கு ஹெலிகாப்டர் பிடிக்கும் என்றார். அது ஓரேகிக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது. வேறு எப்போதாவது அவர் ஹெலிகாப்டரைப் பார்த்ததுண்டா? இல்லை. சோம்பேறிப் பையன் தானாக எழுந்து நூலகம் போய்ப் பழைய நாளிதழைப் புரட்டுகிறான். வாத்தியார் மலையேறுபவர். அன்று அவருடைய நண்பர்கள் மலையில் சிக்கியிருந்தார்கள். வானிலை சரியாகி மீட்பு ஹெலிகாப்டர் கிளம்பியதா என்றுதான் அவர் பார்த்தார். நண்பர்கள் பிழைக்கவில்லை. இதை எதற்குத் தேடினாய் என்று சிதாண்டா கேட்கிறாள். விஷயம் தெரியாமல் ‘ஓகி சாருக்கு ஹெலிகாப்டர்னா உசுரு’ என்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது மரியாதைக்கேடு என்கிறான். அந்த வாத்தியாரை அவன் இனிப் பார்க்கப் போவதுகூட இல்லை. பரிசு கிடையாது, கைதட்டல் கிடையாது. அடுத்த 19ஆவது எபிசோடில், ஒரு பள்ளி அறிவிப்பின் ஒற்றை வாக்கியத்தை வைத்துக் கள்ளநோட்டு வரை போகிறான். ஹாரி கெமல்மேனின் 1947ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்றின் வழியில் செய்த வித்தை அது, எல்லோரும் கொண்டாடுவதும் அதைத்தான். எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஆப்டிட்யூட் டெஸ்ட்.

குறை இல்லாத தொடர் என்று சொல்லமாட்டேன். சிதாண்டா கண்ணை விரித்தவுடன் பூவும் கொடியும் அவள் கூந்தலும் சேர்ந்து ஓரேகியைச் சுற்றிவளைக்கும் அனிமேஷன் முதல்தடவை அழகு. நாலாவது தடவை அவளை ஒரு பெண்ணாகப் பார்க்காமல் ஓரேகியை ஸ்டார்ட் செய்யும் சுவிட்சாகப் பார்ப்பதுபோல இருக்கிறது. வெந்நீர் ஊற்று எபிசோடு தேவையே இல்லை. 21ஆவது எபிசோடில் மயாகா கையால் செய்த சாக்லேட்டை சதோஷி உடைத்து மறைக்கிறான். அவனுக்குப் பேச அவ்வளவு நேரம் கொடுத்த திரைக்கதை, அவளுக்கு இரண்டு நிமிஷமாவது கொடுத்திருக்கலாம்.

கடைசி எபிசோடைப் பற்றித்தான் அதிகப் புலம்பல். கிராமத்துப் பொம்மைத் திருவிழா. உயிருள்ள ஆட்களே பொம்மை வேடமிட்டு ஊர்வலம் போவார்கள், சிதாண்டா அரசிப் பொம்மை. பாலத்தில் வேலை நடப்பதால் ஊர்வலம் சுற்றிப் போகவேண்டி வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு சின்னப் புதிர், முன்கூட்டியே பூத்த செர்ரி மரம் ஒன்று. எல்லாம் முடிந்து மாலையில் இருவரும் நடக்கிறார்கள். அவள் எதிரில் இருக்கும் வயலைக் காட்டுகிறாள். எங்கே படித்தாலும் இங்கேதான் திரும்பி வருவேன், இந்த ஊர் ரொம்ப அழகு என்றோ பெரிய வாய்ப்புகள் உள்ள இடம் என்றோ நான் நினைக்கவில்லை, ஆனாலும் உனக்குக் காட்ட நினைத்தேன் என்ற பொருளில் பேசுகிறாள். ஊருக்காக விளைச்சலைப் பெருக்குவதா, வணிகத்தைக் கவனிப்பதா என்று யோசித்து முதலாவதைத் தேர்ந்தேன் என்கிறாள். நீ கைவிட்ட அந்த வணிகப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்ளட்டுமா? இப்படிக் கேட்பதாக ஓரேகி கற்பனை செய்கிறான். வாய் திறக்கிறான். ‘குளிர ஆரம்பிச்சிடுச்சு’ என்கிறான். இல்லை, வசந்தம் வந்தாச்சு என்கிறாள் அவள். தொடர் முடிகிறது.

சொல்லியிருக்கலாமேடா, என்று எல்லோரும் திட்டுகிறார்கள். காதலைச் சொல்லவில்லை என்ற கோபம். என் காதில் விழுந்தது வேறு. ‘படிச்சிட்டு இங்க வந்து என்னா பண்ணப் போற?’ என்று அப்பா கேட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் பகுதியில் எல்லா அப்பாக்களும் கேட்டதுதான். பாலக்கோட்டில் ஒருநாள் தக்காளிக்கு நல்ல விலை, மறுவாரம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவார்கள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போன குடும்பங்கள் எத்தனை. திரும்பி வருவேன் என்று பதினாறு வயதில் நிதானமாகச் சொல்கிற ஒரு பாத்திரத்தை நான் அதற்குமுன் திரையில் பார்த்ததில்லை. நம்ம சினிமாவில் ஊர் திரும்புகிறவன் ஒன்று வெளிநாட்டு வேலையை உதறிய தியாகி, இல்லையென்றால் தோற்று வந்தவன். சிதாண்டா இரண்டும் இல்லை. அவளிடம் ஒரு திட்டம் இருக்கிறது, அதில் ஒரு பாதி காலியாக இருப்பதும் அவளுக்குத் தெரியும். ஓரேகியால் சொல்ல முடியாமல் போனது ‘ஐ லவ் யூ’ இல்லை. உன் ஊர் தக்காளிக் கணக்கை நான் பார்க்கட்டுமா என்பது. அதைச் சொல்ல ஒரு மாலை நேரம் போதாது. பதினாறு வயதில் எவனுக்கும் போதாது.

இரண்டாம் சீசன் கேட்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும். 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு ஒருவன் தீவைத்தான். 36 பேர் இறந்தார்கள். அதில் இயக்குநர் தகேமோதோவும், இந்த முகங்களை வடிவமைத்த ஃபுதோஷி நிஷியாவும் அடக்கம். யார் வேண்டுமானாலும் இனி எடுக்கலாம், எடுத்தால் நானும் பார்ப்பேன். ஓகி சாரின் ஹெலிகாப்டரைப் பற்றி 18ஆவது எபிசோடில் ஓரேகி சொன்னது மட்டும் அந்த நேரத்தில் என் காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

கதை நாவல்களில் தொடர்கிறது. 2016இல் வந்த தொகுப்பின் கடைசிக் கதையில், நீ குடும்பத்தை ஏற்று நடத்த வேண்டியதில்லை, உன் விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் போ என்று சிதாண்டாவிடம் வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். நம்மில் பலர் ஏங்கிய வாக்கியம். அவள் இடிந்துபோகிறாள். அன்று அவள் ஒரு விழாவில் சேர்ந்திசையின் நடுவே தனியாகப் பாட வேண்டும், ஆளைக் காணோம். ஓரேகி துப்புத் துலக்கி அவள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். ஒரு வீட்டின் பழைய சேமிப்புக் கொட்டகை. கதவைத் திறந்து இழுத்துவர முயலாமல், வெளியிலேயே நின்று பேசுகிறான். அவள் வந்தாளா, பாடினாளா என்று கதையில் இல்லை.